ஒற்றைக் காலில் நிற்பது வீண் வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் நாள்பட்ட இடுப்புவலி பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு வரி: "வலி இருப்பது இடுப்பில், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது நேரத்தை வீணாக்கும் வேலை." இந்த வரி மூன்று நாளாக எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

என் பழைய பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் தன் இடுப்புவலிக்காக, நான் சொல்லித்தான், ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியில் சேர்ந்தார். ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "பாருங்கக்கா, பத்திரிகையிலேயே போட்டுட்டாங்க, நான் நிறுத்திக்கிறேன்" என்றார். நிறுத்தியும்விட்டார். இந்தக் கடிதம் அதனால்தான்.

எனக்கு ஒன்பது வருட வலி. இருபது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள், ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியாமல் போனேன். மூன்று வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். எழுந்தபோது காலில் இருந்த பலமும் போயிருந்தது. அப்புறம் பெல்ட். நான்கு வருடம் அது இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு, "ஜவ்வு தேய்ந்துபோச்சு, இனிமேல் பார்த்துத்தான் இருக்கணும்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட எனக்குப் பயம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டி 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்ததாக அதில் இருக்கிறது. இதை அன்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனை வருடம் மிச்சமாகியிருக்கும்!

கடைசியாகப் போய்ச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பெண் என் இடுப்பைத் தொடும் முன்பே ஒரு கேள்வி கேட்டார். "முகம் கழுவும்போது கண்ணை மூடினால் ஆடுதா?" எனக்குத் திக்கென்றது. பல வருடமாக ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான் முகம் கழுவினேன். வயதாகிறது என்று நானே முடிவு செய்திருந்தேன். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

அவர் விளக்கியதை என்னால் முடிந்த அளவுக்குச் சொல்கிறேன். முதுகெலும்பை ஒட்டிய தசைகளுக்குள், உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் தகவல் அனுப்பும் உணர்விகள் இருக்கின்றன. வலி நாள்பட்டுப்போனால் பலருக்கு அந்தத் தகவல் மங்கிவிடுகிறது. உடம்பு இடுப்பைப் பலகைபோல் இறுக்கிக்கொண்டு, கணுக்காலை நம்பி நிற்கப் பழகிவிடுகிறது. கண்ணும் துணைக்கு இருக்கும்வரை தெரியாது, மூடினால் தெரியும். ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் என்ற பிசியோதெரபி ஆய்வாளர்கள் இருவரும் 1996-ல் இன்னொன்றையும் காட்டினார்கள். நாம் கையைத் தூக்கும் முன்பே வயிற்றின் ஆழத்தில் உள்ள ஒரு தசை இறுகி உடம்பைத் தயார்ப்படுத்துகிறது. இடுப்புவலிக்காரர்களுக்கு அது தாமதமாக இறுகியது. தூங்கிப்போன இந்தக் காவலை மறுபடி எழுப்பத்தான் அந்த ஒற்றைக் கால். வலி இடுப்பில், பயிற்சி காலில் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் நிற்பது என்றால் என்ன என்று யோசிக்கவே இல்லை.

முதல் வாரம் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து, சுவர் ஓரமாக நின்றேன், அவ்வளவுதான். பிறகு ஒற்றைக் காலில் பத்து விநாடி. பிறகு மெத்தென்ற ஃபோம் மேல். கண்ணை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். கூடவே, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும். முதுகில் வைத்த புத்தகம் விழக் கூடாது. முதல் நாள் இரண்டு விநாடியில் விழுந்தது. முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடவும் செய்தது. மறுநாள் காலைக்குள் அடங்குகிற வலி என்றால் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

வலி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பத்துக்கு ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு வாரத்தில் மூன்றுக்கு வந்தது. ஆனால் இன்று நின்றபடியே காலுறை போடுகிறேன். இரண்டு கையாலும் முகம் கழுவுகிறேன். என் உடம்பை நானே நம்புகிறேன். இதை வீண் என்று எழுத எப்படி மனம் வந்தது?

உங்கள் பத்திரிகையோடு எனக்கு இது முதல் வருத்தமும் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் "இடுப்புவலிக்கு ஓய்வே முதல் மருந்து" என்று தலைப்பு வைத்தீர்கள். அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை, இடமில்லாமல் இருந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். போன வருடம் ஒரு முழுப்பக்கம் பயிற்சிப் படங்கள் போட்டீர்கள், யார் அவற்றைச் செய்யக் கூடாது என்று ஒரு வரி இல்லாமல். அப்புறம் அலுவலக விடுப்பு பற்றிய கட்டுரையில், இடுப்புவலி என்பது வசதியான சாக்கு என்று ஒருவர் எழுதியதையும் வெளியிட்டீர்கள். வெளியில் தெரியாத வலியோடு வகுப்பில் நின்றவள் நான். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. 2020-ல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தவர்கள், வழக்கமான சிகிச்சையாக இடுப்பு பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2021-ல் 249 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையும், சும்மா இருப்பதைவிடப் பயிற்சி வலியைக் குறைக்கிறது என்றே சொன்னது. சமநிலைப் பயிற்சி ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. நடை, நீச்சல், தசைகளுக்குப் பலம் கூட்டுவது என்று யாருக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யலாம். சிரமப்பட்டு ஒன்றைத் தொடங்கியவரின் கையிலிருந்து அதைப் பிடுங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுங்கள். பக்கத்திலேயே நாலு வரி போடுங்கள்: சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடைகளுக்கு இடையில் மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, கீழே விழுந்த பிறகு வலி வந்தாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ கூட இருந்தாலோ, பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்கள் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் சுவரோ நாற்காலியோ இருக்க, மெல்ல ஆரம்பிக்கலாம்.

இடம் போதாது என்றால் என் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு அதை மட்டும் போடுங்கள். அந்த ஆசிரியையிடம் நான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தங்கள் நெடுநாள் வாசகி