பொருள்: சாஃப்ட் கோரலை ஒட்டாத ஜெல் பசை – பணத்தைத் திருப்பித் தரவும் பெட்டி வாசகத்தைத் திருத்தவும் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம்.

கடல்நீர் மீன் தொட்டியில் கோரலை, அதாவது பவள உயிரை, பாறையில் ஒட்டுவதற்கான நீல மூடி போட்ட உங்கள் கோரல் ஜெல் பசை பற்றி ஏற்கெனவே பலமுறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் வருகிறது. பழைய எண்ணைச் சொன்னால் “அது முடிஞ்சிருச்சு” என்கிறார்கள். யார் முடித்தது, என்ன செய்து முடித்தது என்று கேட்டால் பதில் இல்லை. அலுத்துப்போய்த்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பெட்டியின் முன்பக்கம் லெதர் கோரல் படம் போட்டிருக்கிறீர்கள். லெதர் என்பது சாஃப்ட் கோரல், கல் எலும்புக்கூடு இல்லாத சதைப்பற்றான வகை. கீழே, எல்லா வகைக் கோரலும் 60 விநாடியில் ஒட்டும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். உள்ளே இருந்த குறிப்பில் சொன்னபடியே பாறையை வெளியே எடுத்து, ஒட்டும் இடத்தைத் துடைத்து, லெதரின் அடித்தண்டில் இருந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி, ஜெல்லை வைத்து அழுத்திப் பிடித்தேன். ஒட்டியது. மறுநாள் காலையில் பார்த்தால் லெதர், தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரின் வாயில் சிக்கிக் கிடக்கிறது. தலை கிழிந்து, துணுக்குத் துணுக்காகத் தொட்டி முழுக்க மிதக்கிறது. பாறையில் உங்கள் பசை வெள்ளையாக இறுகி அப்படியே இருக்கிறது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அதன்மேல் லெதரின் அடித்தோல் மட்டும், உரித்த வெங்காயத்தின் உள்தோல் போல, மெல்லிய பழுப்பு ஏடாக ஒட்டியிருந்தது. கோரல் தன் தோலைப் பசையிடம் விட்டுவிட்டுக் கழன்று போயிருக்கிறது.

கோரல் பசை தயாரிக்கிற நிறுவனம் நீங்கள். இந்த ஜெல்லில் இருக்கும் பசைப்பொருளான சயனோஅக்ரிலேட் ஈரம் பட்டால் இறுகும், கடல்நீருக்குள் போனதும் மேலே ஏடு கட்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கல் கோரலுக்குச் சுண்ணாம்பு எலும்புக்கூடு இருக்கிறது, பசை அதைப் பிடித்துக்கொள்ளும். லெதருக்கு எங்கே இருக்கிறது? சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள்தான். மேலெல்லாம் வழவழப்பு, தொட்டால் இன்னும் சளி விடும், அவ்வப்போது மேற்படலத்தையே உரித்துப் போடும். நான் வளர்க்கிற இன்னொரு வகையான மஷ்ரூம் கோரலுக்கு அந்தத் துணுக்குகூடக் கிடையாது. இது தெரிந்தும் அந்தப் படத்தை எப்படிப் போட்டீர்கள்?

சரி, பசை தோற்றது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் உதவி எண்ணில் பேசிய அந்த ஆளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நான் சொல்லி முடிக்கும் முன்பே, “கோரலை ராத்திரி முழுக்கக் காய வச்சு ஒட்டிப் பாருங்க” என்றார். தண்ணீருக்கு வெளியே ஒரு இரவு கிடந்தால் அது செத்துப்போகும் என்றேன். “அது செடிதானே சார், வேற ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. மீன் தொட்டிக்கெல்லாம் இவ்வளவு பேசுறீங்க” என்றார். செடியா? லெதரின் மேல் பூப்போல விரியும் ஒவ்வொரு சின்ன உயிருக்கும், அதாவது பாலிப்புக்கும், எட்டு கைகள் உண்டு. அது தண்ணீரில் வருவதைப் பிடித்துத் தின்கிற உயிர். நான் வளர்த்து, விரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்த உயிர். அந்த அழைப்பு பதிவாகியிருக்கும் என்று உங்கள் இயந்திரக் குரலே சொல்கிறது. தயவுசெய்து அதை ஒருமுறை கேளுங்கள்.

இன்னொருவர், பரவாயில்லை, மரியாதையாகப் பேசினார். பிசைந்து வைக்கிற உங்களுடைய இன்னொரு பசையான எபாக்ஸியையும் சேர்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன். தொட்டி நீரின் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் நுரைத்து வழிந்து தரையெல்லாம் உப்புத் தண்ணீர். அந்த எபாக்ஸியிலிருந்தும் மஷ்ரூம் ஒவ்வொன்றாக நழுவிவிட்டது.

பசை ஒட்டிய பாறையை நேரில் கொண்டு வந்தால் தொழில்நுட்பப் பிரிவு பார்க்கும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். கடல்நீர் நிரப்பிய வாளியில் பாறையைப் போட்டு, பேட்டரி ஏர் பம்ப்பை மாட்டி, உங்கள் அலுவலகத்துக்குச் சுமந்து வந்தேன். வரவேற்பில் இருந்தவர் வாளியை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். உட்கார்ந்து உட்கார்ந்து, மதியம் தாண்டியபின், “அவங்க வாடிக்கையாளரைப் பார்க்க மாட்டாங்க, கூரியர்ல அனுப்பிடுங்க” என்று பதில் வந்தது. உயிருள்ள பாறையைக் கூரியரில் அனுப்பினால் அதில் இருப்பதெல்லாம் செத்து நாறும். இது கோரல் பசை நிறுவனத்துக்குத் தெரியாதா? ஒரு நிமிடம் வெளியே வந்து எட்டிப் பார்க்க ஆள் இல்லையா? அன்று நான் பட்ட அவமானத்துக்கு நீங்கள் என்ன கொடுத்தாலும் ஈடாகாது.

நஷ்டத்தைச் சொல்கிறேன். லெதர் போய்விட்டது. கிழிந்த துண்டுகள் அழுகி அம்மோனியா ஏறியது. காயம்பட்ட லெதர் விடுகிற நச்சு வேறு, அதை உறிஞ்சக் கார்பனை (வடிகட்டும் கரியை) மாற்றி மாற்றிப் போடுகிறேன். பக்கத்தில் இருந்த கல் கோரல்கள் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. பல வருட உழைப்பு ஒரே இரவில் மண்ணாய்ப் போனது. இந்தத் தொட்டி இனி பழையபடி ஆகவே ஆகாது.

இத்தனைக்கும் உங்கள் பசையால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. மிச்சமிருந்த மஷ்ரூம்களை நீரோட்டம் குறைந்த ஒரு சின்னக் கிண்ணத்தில், உடைந்த பாறைத் துண்டுகளுக்கு நடுவே போட்டு, மேலே வலைத்துணி கட்டித் தொட்டிக்குள்ளேயே வைத்தேன். ஒன்றிரண்டு வாரத்தில் தாமாகவே துண்டுகளைப் பற்றிக்கொண்டன. அப்புறம் அந்தத் துண்டுகளைப் பெரிய பாறையில் உங்கள் ஜெல்லால் ஒட்டினேன். அசையவில்லை. லெதராக இருந்தாலும் தண்டைச் சிறு கல்லோடு சேர்த்து, சதை அறுபடாதபடி நூலைத் தளர்வாகச் சுற்றிக் காத்திருந்தால் போதும். “சாஃப்ட் கோரலைச் சதையில் ஒட்டாதீர்கள், முதலில் சிறு கல்லில் பிடிக்கவிட்டு அந்தக் கல்லை ஒட்டுங்கள்.” இதைப் பெட்டியில் அச்சடித்திருந்தால் என் லெதர் இன்று உயிரோடு இருக்கும்.

எனவே பசைக்கும் எபாக்ஸிக்கும் கொடுத்த பணத்தை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். இறந்த கோரலுக்கு இழப்பீடு வேண்டும். பெட்டியில் லெதர் படத்தை எடுத்துவிட்டு, மேலே சொன்ன எச்சரிக்கையைப் போட வேண்டும். செடி என்று பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை, சுமுகமாக முடித்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் ரசீது, புகைப்படங்கள், பழைய புகார் எண்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்தப் பாறையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். தொலைபேசியில் யாரும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பாறையின் புகைப்படங்கள், புகார் எண்களின் பட்டியல்