நல்ல கால்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கைதான் காரணம். வலது மணிக்கட்டில் மதமதப்பு. நாலு வரி எழுதினால் விரல்கள் மரத்துப்போகின்றன. ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஊன்றுகோலை அழுத்திப் பிடித்த கை. மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன்.

பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தாய். அதில் நீ மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலில் என் செய்தி.

சக்கர நாற்காலி வாங்கிவிட்டேன்.

இதைப் படித்ததும் உன் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். போலியோ வந்த காலில் மாவுக்கட்டோடு பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கடைசி வரை நடந்தே தீருவோம் என்று சத்தியம் செய்தவர்கள் நாம். உனக்கு எட்டு வயது, எனக்கு ஏழு. காலிப்பரின், அதுதான் காலைத் தாங்கக் கட்டும் இரும்புச் சட்டத்தின், முழங்கால் பூட்டு 'டக்' என்று விழும் சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டே வருவது நீயா வேறு பிள்ளையா என்று நான் சொல்லிவிடுவேன். அந்தச் சத்தியத்தை நான் மறந்துவிடவில்லை.

ஆனால் போன வருடம் என் வலது கால் ஏமாற்றிவிட்டது. இடது காலைத்தான் போலியோ பிடித்தது, வலது கால் நல்ல கால் என்றுதானே வீட்டில் எல்லோரும் சொல்லி வளர்த்தார்கள்? படி ஏற அந்தக் கால், பஸ்ஸில் தொற்ற அந்தக் கால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதும் அந்தக் காலில்தான். அது ஒருநாள் குளியலறை வாசலில் சும்மா மடங்கியது. வழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நின்றுகொண்டிருந்தேன், அடுத்த கணம் தரையில் இருந்தேன்.

முதலில் பார்த்த மருத்துவர், வயதாகிறது, எடையைக் குறைத்து நன்றாக நடங்கள் என்றார். நடந்தேன். நமக்குத்தான் சின்ன வயதிலிருந்து அது ஒன்றைத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முயற்சி செய் என்று. காலையும் மாலையும் நடந்தேன். இரண்டே மாதத்தில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே கையை ஊன்ற வேண்டியதாகிவிட்டது.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதில் சின்னவர். போலியோ தாக்கிய காலைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் இதுதான் முதல் தடவை என்று மறைக்காமல் சொன்னார். 1988இல் உலகம் முழுவதும் வருடத்துக்கு மூன்றரை லட்சம் பிள்ளைகளை முடக்கிய நோய் அது. மூன்று வகைக் கிருமிகளில் இரண்டாம் வகை ஒழிந்துவிட்டதாக 2015இலும், மூன்றாம் வகை ஒழிந்ததாக 2019இலும் அறிவித்துவிட்டார்கள். அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இதைவிட நல்ல செய்தி நம் வாழ்நாளில் வேறு இல்லை. ஆனால் நம் ஊரைவிட்டு நோய் போய்விட்டது, நாம் இன்னும் இருக்கிறோம். நம்மைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர் படித்துப் பார்த்து, ஒரு வாரம் கழித்து என்னைத் திரும்ப வரச் சொன்னார். இரத்தசோகை, தைராய்டு, முதுகெலும்பு எல்லாவற்றையும் சோதித்து அவையெல்லாம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் பெயரைச் சொன்னார்: போஸ்ட் போலியோ சிண்ட்ரோம், அதாவது போலியோ வந்து பல வருடம் கழித்துத் தசைகளில் புதிதாக வரும் பலவீனம். இதற்கென்று தனியாக ஒரு பரிசோதனை கிடையாதாம், மற்றதையெல்லாம் விலக்கித்தான் இதற்கு வர வேண்டுமாம்.

அவர் விளக்கியதை உனக்கு என் பாணியில் சொல்கிறேன். தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் இருக்கின்றன. போலியோ வந்தபோது அவற்றில் பல செத்துவிட்டன. அவற்றை நம்பியிருந்த தசைநார்கள் அநாதையாயின. பிழைத்த நரம்பு செல்கள் புதிதாகக் கிளை விட்டு அந்த அநாதைகளையும் சேர்த்துக்கொண்டன, தாயில்லாப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்ப்பது போல. நாம் எழுந்து நின்றது அப்படித்தான். ஒவ்வொரு செல்லும் தன் பங்கைப் போலப் பல மடங்கு சுமையைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்திருக்கிறது. இப்போது அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. என் வலது காலிலும் அன்றே பாதி செல்கள் போயிருக்கலாம், வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார்.

நல்ல கால் என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை! வீட்டுக்கு வந்து அந்தக் காலைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அழுதேன். இத்தனை வருடம் இடது காலுக்குத்தான் எண்ணெய் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இதை ஒருநாள் கூடக் கவனித்ததில்லை.

1875லேயே பிரான்சில் இதைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்த ஓர் இளைஞனுக்குப் பிற்பாடு புதிதாகப் பலவீனம் வந்த கதை. பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்து, பெரிய போலியோ கொள்ளைநோய்களில் தப்பிய பிள்ளைகள் நடுவயதைத் தொட்டு, நாங்கள் சோம்பேறிகள் இல்லை என்று மன்றாடிய பிறகுதான் மறுபடி கவனித்தார்கள். அந்த மன்றாட்டு எனக்கும் பழக்கமானது. கூடப் பிறந்தவர்களே, நீ முன்பு இப்படி இல்லையே என்கிறார்கள்.

இப்போது பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒரே ஒரு கணக்குத்தான் வைத்திருக்கிறார். இன்று செய்த வேலையின் களைப்பு நாளையும் இருந்தால், இன்று செய்தது அதிகம். களைத்த பிறகு உட்காரக் கூடாது, களைக்கும் முன்பே உட்கார வேண்டும். இதைப் பழக எனக்கு ஆறு மாதம் பிடித்தது. காய் நறுக்க உயரமான முக்காலி. வெளியே போக நாற்காலி. வீட்டுக்குள் ஊன்றுகோல் இன்னும் உண்டு.

நாற்காலியில் முதல் நாள் வெளியே போனதைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த உலகம் எல்லாம் தரைதான். அடுத்த அடி எங்கே வைக்கலாம், ஈரமா, கல்லா, பள்ளமா என்று குனிந்தே நடந்தவள். அன்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். வேப்பமரத்தில் ஒரு காக்கை குச்சியைக் கிளையிடுக்கில் வைப்பதும் அது விழுவதும், திரும்ப இறங்கி எடுப்பதுமாக இருந்தது. அதைக் கூடு முடியும்வரை தினமும் போய்ப் பார்த்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்தால் தோற்றதாக அர்த்தம் என்று நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் தோள்வலியால் இரவில் புரண்டு படுக்க முடியவில்லை என்பதையும் அதே கடிதத்தில்தான் எழுதியிருக்கிறாய். நடப்பதற்கென்று பிறந்த மூட்டு இல்லை அது. உடம்பு முழுவதையும் அதன் மேல் ஏற்றியிருக்கிறோம். தோள் போனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்குக்கூட ஆள் வேண்டும். அதை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

அறுவை சிகிச்சை விஷயத்துக்கு வருகிறேன். மயக்க மருந்து கொடுப்பவரிடம், உனக்குப் போலியோ வந்ததை நீயே வாய்திறந்து சொல். காலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று விட்டுவிடாதே. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் நம்மிடம் கூடுதலாக வேலை செய்யலாம், தெளிய நேரமாகலாம். மூச்சுத் திறனை முன்கூட்டியே பார்க்கச் சொல். குளிரும் நமக்கு ஆகாது, கம்பளி கேட்டு வாங்கிக்கொள். இதையெல்லாம் என் மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் பிரதியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், மடித்த நீலத் தாள். தேதி தெரிந்ததும் எழுது. முதல் இரண்டு நாளும் நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். நாற்காலியில்தான் வருவேன், கதவு அகலத்தை மட்டும் முன்கூட்டி விசாரித்து வை.

அன்புடன்,
உன் பழைய பக்கத்துக் கட்டில்காரி