கூட்டாஞ்சோறு என்றாயே

பாளையங்கோட்டை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். சின்னவளுக்குச் சளி விட்டதா? வெந்நீர் மட்டும் கொடு.

லீவுக்கு வந்தபோது என் போனில் பாட்டுக் கேட்க ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய். "பிடிச்ச பாட்டு பத்து சொல்லும்மா, அதே மாதிரி அதுவே எடுத்துத் தரும்" என்றாய். நான் காருகுறிச்சி நாதஸ்வரம், கிட்டப்பா, நாகூர் ஹனிபா, கோயில் கீர்த்தனை, போனி எம், கணியான் கூத்து என்று சொல்லிக்கொண்டே போனேன். "என்னம்மா இது, கூட்டாஞ்சோறு" என்று சிரித்தாய். சிரித்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பெட்டி கட்டுகிற அவசரத்தில் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

நான் பாட்டுக் கேட்கப் பழகியது பீடிச் சுளகுக்கு முன்னால் உட்கார்ந்துதான். முக்கூடலில் ஆச்சி வீட்டுத் திண்ணையில் ஆறேழு பேர் சேர்ந்து சுற்றுவோம். முந்தின நாளே நனைத்து வைத்த இலையை அளவாக வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. என் படிப்புச் செலவு பாதி அதில்தான் ஓடியது. கண்ணும் கையும் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அதற்குத்தான் ரேடியோ. திருநெல்வேலி நிலையத்தில் காலையில் பக்திப் பாட்டு, ராத்திரியில் கச்சேரி. மற்ற நேரமெல்லாம் இலங்கை வானொலி. கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்களுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன்மார் மாதிரி.

இதில் ஒன்று கவனி. கையெல்லாம் புகையிலைத் தூள். பிடிக்காத பாட்டு வந்தாலும் எழுந்து போய் ரேடியோவைத் திருப்ப முடியாது. எழுந்தால் அன்றைய கணக்கு குறைந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டோம். முதல் தடவை எரிச்சலாக இருந்த ஆலாபனை நாலாவது தடவை இனித்தது. நீ போட்டுக் கொடுத்தது நான் கேட்டதையே திருப்பித் திருப்பித் தருகிறது. எனக்குத் தெரியாததை என் முன்னால் வைக்க அதற்குத் தெரியவில்லை. அன்னக்கிளி வந்த 1976-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பாட்டு ரேடியோவில் ஓடியபோது ஆச்சி சுற்றுவதை நிறுத்திவிட்டு, "ஏட்டி, இது நம்ம வயக்காட்டுப் பாட்டுல்லா!" என்றாள். சினிமாப் பாட்டைத் தன்னுடையது என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அப்புறம் கொடை, அதுதான் கோயில் திருவிழா. சுடலைமாடன் கோயில் கொடைக்கு ராத்திரி முழுக்க ஆச்சி மடியில் படுத்துக் கேட்டது வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும். வில்லில் கட்டிய மணிகளின் ஓசை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு மட்டும் குடத்தின் மேல்தான் கண். அதன் வாயில் பத்தி என்கிற தட்டை மட்டையால் அடிக்கும்போது 'கும்' என்று ஒரு சத்தம் எழும், அது காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் விழும். கணியான் கூத்தில் மகுடம் என்கிற பறை இரண்டு உண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோலை நெருப்பில் காட்டி ஏற்றிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள் என்றால் சாமியாடிகள் நிலைகொள்ள மாட்டார்கள். கீழே நின்று பாட்டைத் தாங்குகிற சத்தத்தைத் தேடிப் பிடிக்க அங்கேதான் கற்றேன். பிறகு உன் அப்பா துபாயிலிருந்து வந்த கூட்டாளியிடம் போனி எம் கேசட் வாங்கி வந்தார். இங்கிலீஷ் ஒரு வரி புரியவில்லை. ஆனால் அந்த பேஸ் கிதாரைக் கேட்டதும், இது நம்ம குடம் அல்லவா என்று தோன்றியது. ரோஜா வந்த 1992-இலும் நான் முதலில் தேடியது அதைத்தான்.

ஒரு கொடையில் விடிய விடிய நடந்த கணியான் கூத்தை நானே டேப்பில் பிடித்து வைத்திருந்தேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. பாடிய அண்ணாவியும் இப்போது இல்லை. உன் போனில் என்ன தேடினாலும் அந்த ராத்திரி கிடைக்கப் போவதில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் போய்ச் சேர்ந்தார், நான் பிறந்த வருஷம். நாற்பத்து மூன்று வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ என்று தாத்தா அங்கலாய்ப்பார். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால் 'கொஞ்சும் சலங்கை' பாட்டு போடாமல் இருக்க மாட்டார்கள். ஜானகி குரல் எங்கே முடிகிறது, நாதஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நாடக மேடையில் பாடிய செங்கோட்டைக் கிட்டப்பா இன்னும் பாவம், இருபத்தேழு வயதில் முடிந்துபோனார். இசைத்தட்டில் கீச்சு கீச்சென்ற இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் குரல் வெண்கலம் மாதிரி நிற்கிறது.

பாளையங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்தபோது காலை ஜெபத்தில் கீர்த்தனை கேட்டேன். ராகம் நம் ராகம், பாட்டு கிறிஸ்தவர்கள் பாட்டு. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் அந்த வழியில் எத்தனையோ எழுதியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். நோன்பு மாதத்தில் மேலப்பாளையம் பக்கம் போனால் ஹனிபா குரல். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கிறவர்கள் வாயில் காவடிச் சிந்து. இதில் எதை விடுவேன், சொல்.

முத்துசுவாமி தீட்சிதர் கடைசியில் 1835-இல் எட்டயபுரத்தில்தான் அடங்கினார். நம் காந்திமதி அம்மன் மேல் ஹேமவதி ராகத்தில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். எனக்குச் சங்கீத இலக்கணம் தெரியாது. ஒரு நாள் அம்மன் சந்நிதி முன்னால் ஒருவர் அதை வீணையில் வாசித்துக் கேட்டேன். அத்தனை மெதுவாக, அவசரமே இல்லாமல் போகிற பாட்டு. அதை விட்டு வெளியே வந்து டவுன் ரத வீதியில் பஸ் ஹாரன் கேட்டபோது காது வலித்தது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இத்தனையும். 'ஹௌ டு நேம் இட்' கேசட்டை நான் தேய்த்துவிட்டது உனக்கு நினைவிருக்கும். இளையராஜா அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மனி இசைமேதை பாக் என்பவருக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கியிருந்தார். அந்த பாக் 1723 முதல் சாகும்வரை வேலை பார்த்தது நீ இருக்கிற லைப்சிக் ஊரில். அவர் கல்லறை இப்போது இருப்பதும் அங்கே தோமா தேவாலயத்தில்தான். அங்கே பையன்கள் பாடுவது வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் என்கிறார்கள். மூன்று வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய், ஒரு நாள்கூடப் போகவில்லை என்றாயே.

இந்தச் சனிக்கிழமை போ. மாப்பிள்ளையையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போ. அவள் பாதியில் தூங்கினால் மடியில் போட்டுக்கொள், எழுப்பாதே. கூட்டத்துக்குக் கீழே கனமாக ஓடுகிற குரல் எது என்று மட்டும் கவனித்து வந்து எனக்குச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உள்ளே போனதும் எடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா