நீ மோட்டார் போடும் நேரம்

பிட்ஸ்பர்க்
26.4.2026, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

நலம். அப்பா, அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லாரும் நலமா? உன் கடிதம் பங்குனிக் கடைசியிலேயே வந்துவிட்டது. உடனே பதில் போடாதது என் தப்புதான். இப்போது மாலை ஷிஃப்டுக்கு மாறியிருக்கிறேன். மதியம் 2 மணிக்குப் போனால் வீடு திரும்ப 11 ஆகிவிடும். சனிக்கிழமையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது தேவலை.

மரங்கள் இப்போதுதான் துளிர்க்கின்றன. ராத்திரிக் குளிர் விடவில்லை. கீழ்வீட்டுத் தாத்தா அந்தக் குளிரிலும் ரேடியோவைத் திண்ணைக்குத் தூக்கிவந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேஸ்பால் ஆட்டம் கேட்கிறார். ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் நோட்டில் குறிக்கிறார். மட்டையைச் சுற்றாமல் நின்றபடியே அவுட் ஆனவனுக்கு, ஸ்டிரைக் அவுட்டைக் குறிக்கும் 'கே' எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

என் ஃபேண்டஸி பேஸ்பால் டீமைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாயே, எனக்கு அது பெரிய உதவி. நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி போனில் நாமே ஒரு டீம் வைப்பதுதான் அது, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதே நம் கணக்கு. பெரும்பாலான ஆட்டம் இங்கே இரவு 7 மணியை ஒட்டித் தொடங்கும். அதற்குள் ஆட வேண்டிய ஆளை உள்ளே போட்டு, வேண்டாதவனைப் பெஞ்சில் வைக்க வேண்டும். வேலையிடத்தில் போனைத் தொட முடியாது. நீ மோட்டார் போட விடிகாலை 4 மணிக்கு எழும்போது இங்கே மாலை 6.30. பேட்டிங்கை நானே காலையில் முடித்துவிடுகிறேன். பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், உன் பொறுப்பு.

காசு வைக்காத ஆட்டம்தான். வேலையிடத்து ஆட்கள் 12 பேர், வாரத்துக்கு ஒருவரோடு மோதல். பிட்சிங்கில் ஐந்து கணக்கு: வெற்றி, சேவ் (முன்னிலையைக் கடைசியில் காத்து முடிப்பது), ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் ஆளை வெளியேற்றுவது), இ.ஆர்.ஏ., விப். முதல் மூன்றும் எண்ணிக்கை, கூடக்கூட நல்லது. கடைசி இரண்டும் சராசரி, குறையக் குறைய நல்லது. எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆகும்வரை வீசுவது ஓர் இன்னிங்ஸ். ஃபீல்டர் பிழையால் வந்ததைத் தள்ளி, மற்றபடி விட்ட ரன்னை 9-ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுத்தால் இ.ஆர்.ஏ. நாலு தப்புப் பந்து வீசி ஆளைச் சும்மா முதல் பேஸுக்கு விட்டால் வாக், அவன் அடித்துப் போய்ச் சேர்ந்தால் ஹிட். இரண்டையும் கூட்டி இன்னிங்ஸால் வகுத்தால் விப்.

எல்லாரும் சறுக்குவது இந்தச் சராசரியில்தான். வாரக் கடைசியில் நம் ஆட்கள் 40 இன்னிங்ஸில் 14 ரன் விட்டிருந்தால் இ.ஆர்.ஏ. 3.15. ஆசைப்பட்டு இன்னொரு சுமார் பிட்சரை இறக்கி, அவன் 3 இன்னிங்ஸில் 6 ரன் வாங்கிக்கொண்டால் ஒரே ராத்திரியில் 4.19. ஒரு வெற்றி கிடைக்குமே என்று இறக்கி இரண்டு கணக்கைத் தொலைப்பது இப்படித்தான். வெற்றி பிட்சர் கையில் இல்லை, சொந்த டீம் ரன் அடித்தால்தான் வரும். 2018-இல் நியூயார்க் மெட்ஸ் பிட்சர் டிகிராம் 1.70 இ.ஆர்.ஏ. வைத்தும் 10 வெற்றிதான். போன வருடம் எங்கள் ஊர் பிட்சர் ஸ்கீன்ஸ் 1.97 வைத்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதே வாங்கினார், அவருக்கும் 10 வெற்றி, 10 தோல்வி. அதனால் வெற்றியைத் துரத்தாதே. ஸ்டிரைக் அவுட் அதிகம், வாக் குறைவு, அப்படிப்பட்ட ஆளைப் பிடி. சந்தேகம் வந்தால் பெஞ்சில் வை.

டென்வரில் ஆட்டம் என்றால் மிக நல்ல ஆள் தவிர யாரையும் இறக்காதே. அந்த ஊர் 5,280 அடி உயரம், நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் கூட. காற்று லேசாக இருப்பதால் பந்து சரியாக வளையாது, அடித்தால் கூடுதல் தூரம் பறக்கும்.

ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர், ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். திங்கள், செவ்வாயில் வீசுபவருக்கு அதே வாரக் கடைசியில் இன்னொரு முறை வரலாம். ஆனால் நடுவில் ஒரு நாள் மழை பெய்தால் அந்த வரிசை தள்ளிப்போகும், ஆகவே இரண்டாவது ஆட்டத்தை நம்பிக் கணக்குப் போடாதே. தினமும் அன்றைய பிட்சர் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்.

சேவ் வேண்டுமென்றால் கடைசி இன்னிங்ஸ் வீசும் க்ளோசர் வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வீசியவருக்கு நாலாம் நாள் பெரும்பாலும் ஓய்வு. அன்று அவருக்கு முந்தைய இன்னிங்ஸ் வீசுபவரை எடுத்துப் போட்டால் ஒரு சேவ் கிடைக்கலாம்.

வேகத்தையும் கவனி. மணிக்கு 97 மைலில் வீசியவர் திடீரென்று 95-க்கு இறங்கினாலோ, முன்கை இறுக்கம் என்று செய்தி வந்தாலோ, முழங்கைத் தசைநார் கெட்டிருக்கலாம். அந்தத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் ஆபரேஷன் ஆனால் திரும்பிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்காக உடனே கழற்றிவிடாதே, காயப் பட்டியல் இடத்துக்கு மாற்று. கழற்றினால் அடுத்தவர் கொத்திக்கொண்டு போவார்.

ஞாயிறு மட்டும் வேறு கணக்கு. வாரத்துக்கு 20 இன்னிங்ஸ் குறைந்தபட்சம், அதற்குக் கீழ் போனால் இ.ஆர்.ஏ.வும் விப்பும் தானாகவே தோல்வி. 20 தாண்டி, இரண்டிலும் நாம் முன்னால் இருந்தால், ஸ்டார்ட்டர்களை எல்லாம் பெஞ்சில் ஏற்றிவிடு. ஞாயிறு ஆட்டம் இங்கே பகலிலேயே தொடங்கும், உனக்கு ராத்திரி 10 மணிக்குள் முடித்தாக வேண்டும்.

நீ 4 மணிக்கு எழுவாய் என்று எழுதும்போதே கிணற்றடியும், தண்ணீர் முதலில் வாய்க்காலில் விழும் சத்தமும், அந்த ஈர மண் வாசமும் வந்துவிட்டன. வைகாசிக் கொடைக்கு இந்த வருடமும் வர முடியாது, தம்பி. லீவு இல்லை. பென் ஹில்ஸில் வெங்கடாசலபதி கோயில் இருக்கிறது, அங்கே போய்வருகிறேன். புளியோதரை தருகிறார்கள். நம் கொடையில் இலையில் வாங்கும் பொங்கல் வேறு. அம்மாவிடம் லீவு பிரச்சினை என்று மட்டும் சொல்.

மேலக்காட்டு நிலக் காரியத்தில் அவசரப்படாதே. அத்தைக்கும் பங்கு உண்டு. அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து ரிஜிஸ்தர் ஆகும்வரை சித்தப்பா கொண்டுவரும் எந்தத் தாளிலும் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதே. 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார். அத்தை வீட்டுக்கு நீ வெறுங்கையோடு போகாதே, அவளுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொள்.

அம்மாவின் கண் ஆபரேஷனை ஆடி வருவதற்குள் முடித்துவிடலாம். அடுத்த மாதப் பணம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் வரும், அதுவரை அக்காவிடம் கேட்காமல் சமாளி. அம்மாவுக்கு எந்தக் கண்ணை முதலில் செய்கிறார்கள் என்று டாக்டரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்