பச்ச லாரி பத்தி நீ கேட்டதுக்கு

டேய் மச்சான்,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடல, திட்டாத. முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நீ மாடிப்படி ஏற ஆரம்பிச்சிட்டேன்னு படிச்சதும் நிம்மதியா இருந்துச்சு, ஆனா அடுத்த வரியிலேயே பெரியவளோட கார்ல கிளட்ச் பிளேட் மாத்தினேன்னு எழுதியிருக்க பாரு, தங்கச்சி உன்ன வீட்ல எப்படி விட்டு வச்சிருக்கான்னு தெரியல. நான் நல்லாத்தான் இருக்கேன். சுகர் மட்டும் ஏறி இறங்குது, கண்ணாடி பவர் மறுபடி மாத்தியாச்சு. பையன் வேலை மாறிட்டான், வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்லருந்தே வேலை, அந்த ரெண்டு நாளும் என் ஷெட் சத்தத்துல மீட்டிங் நடத்த முடியலன்னு புலம்பல்.

சரி, நீ கேட்டது லாரி பத்தி. "ஒரு வருஷமா நோண்டிட்டு இருக்கியே, மணிக்கு நூறு கிலோமீட்டர்ல போகுதா இல்லையா?" போகுதுடா. ஆனா நான் போறதில்ல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி.

வண்டி உனக்குத் தெரிஞ்சதுதான், எம்35ஏ2, டியூஸ் அண்ட் எ ஹாஃப்னு செல்லமா கூப்பிடுவானுங்க, ரெண்டரை டன் சுமக்கறதுக்காக 1950லருந்து அமெரிக்க ஆர்மில இருந்த குடும்பம். பேருக்குத்தான் ரெண்டரை டன், காலியா நின்னாலே ஆறு டன் கிட்ட வரும். மூணு ஆக்சில், ஆறு சக்கரமும் இழுக்கும். எஞ்சின் மல்டிஃபியூயல், அதாவது பல வகை எரிபொருள்ல ஓடும், ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், டர்போ இருந்தும் 130, 140 குதிரைதான். இப்ப வர்ற சின்ன கார்லயே அந்த பவர் இருக்குடா. இதோட வேலை சேத்துல இறங்கி வெளிய வர்றது, ஹைவேல பறக்கறது இல்ல. புக்ல டாப் ஸ்பீடு 56 மைல், நம்ம கணக்குல 90 கிலோமீட்டர்.

அந்த 90 எங்கருந்து வருதுன்னு ஒரு நாள் ராத்திரி பேப்பர்ல போட்டுப் பாத்தேன். எஞ்சின் வேகத்துக்கு எல்லை போடற கவர்னர் 2600 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 2600 சுத்து) வெட்டிடும். அஞ்சாவது கியர் ஓவர்டிரைவ், எஞ்சின விட ஷாஃப்ட் வேகமா சுத்தும், ரேஷியோ ஏறக்குறைய 0.8. முன் பின் ஆக்சிலுக்கு பவர பிரிச்சுக் கொடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ், ஹை கியர்ல நேர் ஒண்ணுக்கு ஒண்ணு. ஆக்சிலுக்குள்ள இருக்கற கடைசி கியர் ஜோடி, கிரவுன் பினியன், 6.72. எல்லாத்தையும் வகுத்தா சக்கரம் நிமிஷத்துக்கு 480 சுத்து சொச்சம். டயர் 9.00-20, ஒரு மீட்டர் உயரம், ஒரு சுத்துக்கு 3.1 மீட்டர் போகும். பெருக்கிப் பாரு, கரெக்டா 90 வந்து நிக்கும். அதாவது எஞ்சின் தொண்டை கிழிய கத்துறப்போதான் அந்த 90. அதுக்கு மேல கவர்னரை ஏமாத்தி முறுக்கினா பிஸ்டன பிடிச்சிருக்கற கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்க கிழிச்சிட்டு வெளிய வந்து எட்டிப் பாக்கும், அப்படி போன எஞ்சின் ஒண்ண நான் கண்ணால பாத்திருக்கேன், கையே உள்ள விடலாம் அந்த ஓட்டைல.

அப்ப வழி என்ன? நீ எழுதின மாதிரி கிரவுன் பினியன் மாத்தலாம், ஆனா ஒண்ணு இல்ல, மூணு மாத்தணும், முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டு, மூணும் அச்சு அசலா ஒரே ரேஷியோ. இந்த ஹவுசிங்குக்கு வேற பல்லு தேடி அலையறதுக்குள்ள ஆயுசு போயிடும். ரெண்டாவது, இன்னொரு ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ சேத்து மாட்டலாம். மூணாவது பெரிய டயர். கடைசியா, எஞ்சின் கியர்பாக்ஸ் ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு வேற போடறது, நிறைய பேர் கம்மின்ஸ் 6பிடின்னு ஒரு டீசல் எஞ்சின் போடறானுங்க. ஆர்மியே 90கள்ல இந்த வண்டிய புதுப்பிச்சு ஏ3ன்னு பண்ணப்போ கேட்டர்பில்லர் எஞ்சினும் ஆலிசன் ஆட்டோமேடிக்கும்தான் மாட்டினான்.

நான் டயர் பக்கம் போனேன். சோம்பேறித்தனம்னு நினைக்காத, காரணம் இருக்கு. ஓவர்டிரைவ் போட்டா எஞ்சின் ஆர்பிஎம் குறையும், சந்தோஷம், ஆனா நூறுல போனா அதுக்குப் பின்னாடி இருக்கற ஷாஃப்ட்டு, ஷாஃப்ட்ட இணைக்கற கிராஸு, பினியன் பேரிங்கு எல்லாம் முன்னவிட வேகமா சுத்தும். 2600ல ஏற்கனவே ஷாஃப்ட் 3200க்கு மேல சுத்துது, அதும் மூணு நாலு துண்டு ஷாஃப்ட்டு, ஒவ்வொண்ணும் ஒரு கோணத்துல. பேலன்ஸ் கொஞ்சம் தப்பினாலும் நீ உக்காந்திருக்கற சீட்டுக்கு அடியில ஒரு இரும்புக் குழாய் கயிறு ஸ்கிப்பிங் ஆடும். பெரிய டயர் போட்டா அந்தக் கவலை இல்ல, அதே ரோடு ஸ்பீடுக்கு டிரைவ்லைன் மொத்தமும் மெதுவா சுத்தும். இது ஏதோ என் பயம்னு நினைக்காத, இந்த டியூஸுக்கு பதிலா வந்த புது எஃப்எம்டிவி லாரிலயே டிரைவ் ஷாஃப்ட் பிச்சுக்கிட்டுப் போய், 1998ல அமெரிக்க ஆர்மி 30 மைலுக்கு மேல யாரும் ஓட்டக்கூடாதுன்னு கொஞ்ச காலம் கட்டிப் போட்டுச்சு. ஃபேக்டரில டிசைன் பண்ணினவனுக்கே அந்த கதி.

சரி டயர். 395/85ஆர்20 ரேடியல், 46 இஞ்சுக்கு மேல உயரம். பின்னாடி டபுள் வீல எடுத்துட்டு ஹப்பைத் திருப்பிப் போட்டு ஒத்த டயரா ஆக்கினேன், ஆறு டயர்ல வேலை முடிஞ்சிடுச்சு. முன்னாடி பழசு பின்னாடி புதுசுன்னு கலக்க மட்டும் கூடாதுடா, சில வண்டில டிரான்ஸ்ஃபர் கேஸ் ஸ்ப்ராக் டைப், பின் சக்கரம் வழுக்கினா தானா முன் ஆக்சில பிடிச்சுக்கும், சைஸ் வேற வேறயா இருந்தா அது காஞ்ச ரோட்லயே குழம்பிப் போகும். டயர் வாங்கறப்போ சைடுல கடைசி நாலு நம்பரப் பாத்து வாங்கினேன், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், ஆர்மி டயர் மேல பட்டன் தேயாம புதுசு மாதிரி இருக்கும் ஆனா வயசு இருபது இருக்கும். ரிம்ல டயர பிடிச்சு வைக்கற லாக் ரிங்கு இருக்கு, தெறிச்சா ஆபத்து, காத்தடிக்கறப்போ கூண்டுக்குள்ள வச்சு தள்ளி நின்னு அடிக்கணும்னு நீ தலைல அடிச்சு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, அப்படியேதான் பண்ணினேன்.

மாட்டி முடிச்சு முதல் நாள் எடுத்தப்போ என்ன ஒரு சுகம் தெரியுமா. பழைய டயர்ல காலைல முதல் பத்து நிமிஷம் சதுர சக்கரத்துல போற மாதிரி டபடபன்னு குதிக்கும், ராத்திரி நின்ன இடத்துல தட்டையாயிடும். அது மொத்தமும் போச்சு. 90ல போறப்போ எஞ்சின் 2250தான். ஸ்பீடோமீட்டர் பழைய டயர் கணக்குலயே இருக்கறதால 80 காட்டறப்போ நிஜத்துல 92ல போறேன், போன்ல ஜிபிஎஸ் வச்சுத்தான் ஓட்றேன். பவர் ஸ்டீயரிங் கிடையாது இல்ல, நின்ன இடத்துல திருப்ப தோள் ரெண்டும் கழண்டுடும், அது ஒண்ணுதான் நரகம்.

நூறு தொட்டேன், சமதரையில, காத்து பின்னாடி இருந்து அடிச்ச அன்னிக்கு. அதுக்கு மேல கால் பலகைய தொட்டும் போகல. ஏன்னு பாத்தா அதும் கணக்குதான். முன்னாடி ஒரு சுவர் மாதிரி மூஞ்சி, செங்குத்தா கண்ணாடி, மேல தார்ப்பாய். காத்த கிழிக்கறதுக்கே நூறுல 90 குதிரைக்கு மேல போகுது, டயர் உருளறதுக்கு ஒரு 25, மிச்சத்த கியரும் ஆக்சிலும் தின்னுடும், இருக்கறதே 130. காத்து விஷயத்துல 80லருந்து 100 போறதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பவர் வேணும். அப்ப கியரை எவ்வளவு மாத்தினாலும் ஒரு இடத்துல குதிரை தீர்ந்து போகுது. பம்பைத் திறந்து டீசல் கொஞ்சம் கூட்டினேன், டர்போ முன்னாடி புகை சூட்ட காட்டற ஒரு பைரோமீட்டர் மாட்டிட்டுத்தான் கூட்டினேன், 650 டிகிரிக்கு மேல விடறதில்ல, மேட்டுல ஊசி ஏற ஆரம்பிச்சதும் கியரை இறக்கிடுவேன். பெரிய டயர் போட்டதால முன்ன அஞ்சுல ஏறின மேடு இப்ப நாலுல ஏறுது. அது பரவால்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீ ஆரம்பத்துலயே ஒரு வரி எழுதின, "முதல்ல நிறுத்தக் கத்துக்கோ"ன்னு. நான் சிரிச்சேன். போன மாசம் ஒரு இறக்கம், பெரிசா ஒண்ணும் இல்ல, முன்னாடி ஒரு வளைவு, எழுபதுல வந்துட்டு இருக்கேன், பெடல மிதிச்சா கால் நேரா பலகைக்குப் போயிடுச்சு. ஒரு எதிர்ப்பும் இல்ல, தலகாணிய மிதிச்ச மாதிரி. இந்த வண்டில ஆயில் பிரேக்கு, காத்து சும்மா ஒத்தாசைக்குத்தான், மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணே ஒண்ணு, சர்க்யூட் ஒண்ணே ஒண்ணு. எந்த மூலைல ஒரு ஓஸ் வெடிச்சாலும் ஆறு சக்கரமும் அம்போ. வெடிச்சது பின் ஆக்சில் மேல இருக்கற ரப்பர் ஓஸ், வண்டியோட பிறந்ததாத்தான் இருக்கும், நான் கிரீஸ தொடச்சுப் பாத்ததே இல்ல. நாலு, மூணுன்னு கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்க இழுத்தேன், அது ஷாஃப்ட்ல இருக்கற ஒரு சின்ன டிரம்மு, நிக்கற வண்டிய பிடிக்க வச்சது, ஓடற வண்டிய இல்ல. டடடடன்னு ஒரு நடுக்கம், புகை நாத்தம், வளைவ எப்படியோ முடிச்சு புல்லு பக்கம் ஏத்தி நிறுத்தினேன். இறங்கி ஒரு கால் மணி நேரம் பம்பர்லயே உக்காந்திருந்தேன். வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல, நீயும் போன்ல உளறிடாத.

அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சுது. எழுபதுக்கும் நூறுக்கும் முப்பதுதானேன்னு தோணும், ஆனா டிரம் முழுங்க வேண்டிய சூடு ரெண்டு மடங்கு. அதும் போக டயர் 15 சதவீதம் உயரமானதுல, அதே பிரேக்கு ரோட்டுல கொடுக்கற பிடி 13 சதவீதம் குறைஞ்சு போச்சு. நான் ஒரு வருஷமா வேகத்த கூட்டிக்கிட்டே பிரேக்க குறைச்சிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியாம!

இப்ப ஓஸ் மொத்தமும் புதுசு, வீல் சிலிண்டர் ஆறும் புதுசு, டபுள் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் மாட்டி முன்னாடி பின்னாடி தனித்தனியா பிரிச்சாச்சு. டிரம்ம கழட்டினப்போ ரெண்டுல லைனர் ஆயில்ல ஊறிக் கிடந்துச்சு, ஹப் சீல் போயிருக்கு, அதையும் மாத்தினேன். 85லதான் போறேன். அந்த ஸ்பீடுல எஞ்சின் 2100 சொச்சம், டர்போ விசில் அடிக்குது, பக்கத்துல உக்காந்தவன்கிட்ட கத்தாம பேசலாம், அதாவது பாதிதான் கத்தணும். லாரிக்காரங்க பின்னாடி வந்து ஹாரன் அடிக்கறதில்ல, அதுக்குத்தானே நான் இவ்வளவும் பண்ணினேன்.

6பிடி போடச் சொல்லி நீ எழுதினதுக்கு இப்ப பதில், வேணாம். சத்தமும் அந்த விசிலும் போயிடும், அப்புறம் இது வெறும் லாரி.

ஒரே ஒரு தொல்லை பாக்கி இருக்கு. 75 தாண்டினா தரையில ஒரு அதிர்வு, 82ல நின்னுடுது. கியர்ல இருந்தாலும் நியூட்ரல்ல விட்டாலும் அதே ஸ்பீடுலதான் வருது, அதனால எஞ்சின் இல்ல. டயர் பேலன்ஸா, நடு ஷாஃப்ட் கிராஸான்னு எனக்கு சந்தேகம். முட்டி சரியானதும் தங்கச்சியக் கூட்டிட்டு வா, உன் டயல் கேஜையும் காந்த ஸ்டாண்டையும் மறக்காம எடுத்துட்டு வா. நீ கீழ படுக்க வேணாம், ஸ்டூல்ல உக்காந்து சொல்லு, நான் படுக்கறேன்.

உன்
மச்சான்