தம்பிக்கு அந்த மெஷின் வேண்டுமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த விளம்பரத் தாளும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. வீட்டிலேயே ஃபிசியோ மகன் இருக்கிறேன், ஆனாலும் ஒரு பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறாள்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கால் செயலிழந்து கிடக்கும் அவனுக்கு, அந்தத் தாளில் போட்டிருக்கும் கரண்டு மெஷினை நிலத்தை விற்றாவது வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தண்டுவடத்தில், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையில், கரண்டு கொடுத்து அசைவை மீட்பது வெறும் கதை இல்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரில் இதைச் செய்துகொண்ட ராப் சம்மர்ஸ் ஒரு பேஸ்பால் வீரர். 2006இல் கார் மோதி, மார்புக்குக் கீழே செயலிழந்துபோனார். பெல்ட்டில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் 26 மாதம், 170 தடவை பயிற்சி கொடுத்தும் பலன் இல்லை. 2009இல் இடுப்புப் பக்கம், தண்டுவட உறைக்கு மேலே 16 மின்முனைகள் உள்ள பட்டை ஒன்றைப் பொருத்தினார்கள். கரண்டு ஓடும்போது தன் எடையைத் தானே தாங்கி நின்றார். ஏழு மாதம் கழித்து, கால் விரலை மடக்கச் சொன்னால் மடக்கினார். கரண்டை நிறுத்தினால் அந்த அசைவும் நின்றுவிடும்.

இந்தக் கரண்டு நேராகப் போய்த் தசையை இழுப்பதில்லை. முதுகுப் பக்கமாகத் தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்புகளைத் தட்டுகிறது. அவை, தசையை இயக்கும் நரம்பணுக்களைக் கிளம்பத் தயாரான நிலைக்குக் கொண்டுவருகின்றன. முழுக்கப் போய்விட்டது என்று எழுதிக்கொடுத்த பலருக்கும் அடிபட்ட இடத்தைத் தாண்டிச் சில நார்கள் மிச்சமிருக்கும். அவற்றின் வழியே மூளை அனுப்பும் பலவீனமான கட்டளை அப்போதுதான் எடுபடுகிறது. மதில் ஏறும் பையனுக்குக் கீழே நின்று முட்டுக் கொடுக்கிற மாதிரிதான் இது, ஏற வேண்டியவன் அவனேதான். அப்படி முயன்றுகொண்டே இருந்தால் அந்த இணைப்புகளும் பலப்படுகின்றன. தண்டுவடத்தில் அடிபட்ட நெதர்லாந்துக்காரர் கெர்ட்-யான் ஓஸ்காமுக்கு, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூர்ட்டீன், பிளாக் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மின்னணு இணைப்பு வைத்தார்கள். பயிற்சிக்குப் பிறகு, கருவியை அணைத்துவிட்டும் அவரால் ஊன்றுகோலோடு நடக்க முடிந்தது. 2023இல் வந்த செய்தி. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

உன் தாளில் பயிற்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. "ஆறே வாரத்தில் நடை" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆபரேஷன் இல்லாமல், கழுத்துத் தோலின் மேல் மின்முனை ஒட்டும் முறையும் இருக்கிறது. கழுத்தில் அடிபட்ட 60 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு கரண்டு. 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் உபயோகமும் கூடின. அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்தது, கைக்குத்தான், காலுக்கு இல்லை. கழுத்தில் அடிபட்டவர்களைக் கேட்டால் நடையைவிடக் கைதான் முதலில் வேண்டும் என்பார்கள். தானே சோறு அள்ளிச் சாப்பிடுவது சின்ன விஷயமா என்ன?

தம்பி பனையிலிருந்து விழுந்தவன். நெஞ்சு முள்ளெலும்பின் கடைசியிலோ இடுப்பு ஆரம்பத்திலோ அடிபட்டிருந்தால் கதையே வேறு. காலை இயக்கும் நரம்பணுக்கள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அவையே நசுங்கியிருந்தால் கரண்டு தட்டி எழுப்ப அங்கே ஆள் இல்லை. அதனால் நிலத்தை விற்பதை நிறுத்தி வை, அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கிய மறுவாழ்வு மையத்தில் ஒரு முறை காட்டலாம். அவரே முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆபரேஷன் செய்தவர்.

அதற்கு முன்னால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்புறம், அந்த நரம்பணுக்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்று ஊகிக்க இதையும் கவனித்துச் சொல்: அவன் கால்கள் சமயத்தில் தானாக வெட்டி இழுக்கின்றனவா, இல்லை எப்போதும் துவண்டே கிடக்கின்றனவா?

அன்புடன்,
பாஸ்கர்