ஒரே செயலுக்கு ஒரே சொல்: நாளிதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், செய்திப் பிரிவில் தலைப்பு எழுதும் துணை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

குடிநீர் கேட்டுப் பெண்கள் காலிக்குடங்களோடு சாலையில் உட்கார்ந்த செய்தியை அண்மையில் உங்களில் ஒருவர் ‘திடீர் மறியல்: வாகன ஓட்டிகள் கடும் அவதி’ என்று நான்கு ‘காலம்’ (column) அகலத்துக்குப் போட்டிருந்தார். இன்னொருவர் ‘தண்ணீர் இல்லை: பொங்கியெழுந்த பெண்கள்’ என்றார். சம்பவம் ஒன்றுதான். ஆட்சி மாறினால் இந்த இரண்டு தலைப்புகளும் நாளிதழ் மாறி வரும் என்பது உங்களுக்கும் தெரியும், வாசகர்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே: ஒரே செயலை யார் செய்தாலும் ஒரே சொல்லால் எழுதுங்கள். அந்த விதியை ஒரு மொழிநடைக் கையேடாக்கி வாசகர் பார்வைக்கு வையுங்கள்.

அந்த நான்கு காலச் செய்தியில் தண்ணீர் வராத விவரம் எங்கே இருந்தது? கடைசிப் பத்தியில். முதல் பத்தியில் நெரிசல், அடுத்ததில் போலீசாரின் பேச்சுவார்த்தை, அதற்கடுத்து அதிகாரி கொடுத்த உறுதி. எத்தனை நாளாகக் குழாய் வறண்டு கிடக்கிறது, எந்த அலுவலகத்தில் எத்தனை மனு கொடுத்தார்கள் என்பது ஒரே வரியாக அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறொரு பதிப்பில் அந்த வரியும் இல்லை. ஏன் என்று செய்திப் பிரிவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முக்கியமானதை மேலே வைத்து எழுதப்படும் செய்தியை, இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். இரவில் தாமதமாக ஒரு விளம்பரம் வந்தால் முதலில் போவது கடைசிப் பத்தி. ஆகவே எதைக் கடைசியில் வைக்கிறீர்களோ, அது அச்சில் வராமல் போனாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள் என்று பொருள். அதிகாரிக்குப் பெயர், பதவி, மேற்கோள் குறிக்குள் இரண்டு வாக்கியம். அந்தப் பெண்களுக்கு ‘அப்பகுதியினர்’ என்ற ஒரு சொல். அன்றைய கூலியை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்தவர்களில் ஒருவரிடம்கூட ஒரு வாக்கியம் கேட்டு வாங்க முடியவில்லையா?

பேச்சைக் குறிக்கும் வினைச்சொற்களைப் பாருங்கள். ‘கூறினார்’ என்பது எந்தப் பக்கமும் சாயாத சொல். ‘சுட்டிக்காட்டினார்’ என்று எழுதினால், அவர் சொன்னது உண்மை என்று நாளிதழே ஒப்புதல் தருகிறது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அதுவரை மறைத்தார் என்று ஆகிறது. பிடித்த தலைவர் ‘விளக்கம்’ தருகிறார், பிடிக்காத தலைவர் ‘புலம்புகிறார்’. இவர் கேட்டால் ‘சரமாரிக் கேள்வி’, அவர் கேட்டால் ‘வாய்க்கொழுப்பு’. இவரோடு வருவோர் தொண்டர்கள், அவரோடு வருவோர் கும்பல். நம் மொழியில் இன்னும் நுட்பமான கருவி ஒன்று இருக்கிறது. ‘நிதி ஒதுக்கினார்’ என்பதை ‘நிதி ஒதுக்கினாராம்’ என்று மாற்றினால் போதும். ஒரு ஆதாரமும் காட்டாமல் சந்தேகத்தை விதைத்துவிடலாம். ‘ஆம்’ என்ற இந்த ஒட்டு செய்திப் பக்கத்தில் எந்தக் கட்சிக்கும் வேண்டாம்.

எழுவாயை மறைப்பது இன்னொரு வழக்கம். ‘தடியடி நடத்தப்பட்டது’, ‘தள்ளுமுள்ளு ஏற்பட்டது’, ‘துப்பாக்கிச்சூட்டில் மூவர் பலி’. அடித்தது யார், சுட்டது யார்? தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் இயல்பாக நிற்கும். அந்த வசதியைச் சிலருக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். போராடியவர்கள் கல்லெறிந்தால் ‘கல்வீசித் தாக்கினர்’ என்று செய்தவரோடு முழு வாக்கியம் வருகிறது. ‘லேசான தடியடி’ என்பது போலீஸ் குறிப்பில் உள்ள சொல். அதை மேற்கோள் குறியில்லாமல் எடுத்துப் போட்டால் அது நாளிதழின் சொல்லாகிவிடுகிறது.

மரியாதை விகுதியிலும் இதே கதை. ஒரு சைக்கிள் திருட்டு வழக்கில் கூலித் தொழிலாளி ‘சிக்கினான்’. பல கோடி மோசடி வழக்கில் கட்சிப் பிரமுகர் ‘கைது செய்யப்பட்டார்’. தீர்ப்பு வராத நிலையில் இருவரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள்தான். இருவருக்கும் ‘ஆர்’ போடுங்கள்.

இது எங்கும் உள்ள நோய்தான். பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடக ஆய்வுக் குழு 1976-இல் வெளியிட்ட ஆய்வில், தொலைக்காட்சிச் செய்திகளில் தொழிலாளர்கள் எப்போதும் ‘கோருகிறார்கள்’, நிர்வாகம் ‘வழங்க முன்வருகிறது’ என்ற வார்ப்பைக் காட்டியது. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் மார்பளவு வெள்ளத்தில் உணவோடு நடந்தவர்களின் படங்களை இரண்டு செய்தி நிறுவனங்கள் அனுப்பின. கறுப்பின இளைஞர் கடையைச் ‘சூறையாடிய பின்’ நடக்கிறார் என்றது ஒரு படக்குறிப்பு. வெள்ளையர் இருவர் ரொட்டியும் பானமும் ‘கிடைத்த பின்’ நடக்கிறார்கள் என்றது மற்றது. படம் எடுத்தவர்கள் அவரவர் பார்த்ததைச் சொல்லி விளக்கம் தந்தார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஆசிரியர் நிறுத்தி விசாரித்திருக்க வேண்டிய இடம் அது.

படத்துக்கும் கணக்கு உண்டு. தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்தால் இடைவெளி சுருங்கிக் கூட்டம் கடலாகத் தெரியும். மேடைக்குப் பின்னிருந்து அகன்ற லென்ஸில், கூட்டம் தொடங்கும் முன் எடுத்தால் காலி நாற்காலிதான் தெரியும். எந்த நேரத்தில் எடுத்த படம் என்று படக்குறிப்பில் போட நான்கு சொல் ஆகுமா? எண்ணிக்கையையும் சரிபார்க்கலாம். நெருக்கமில்லாமல் நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குச் சுமார் 10 சதுர அடி, நெருக்கி நின்றால் சுமார் 4.5 சதுர அடி என்பது செய்தியாளர்கள் பல்லாண்டாகப் பயன்படுத்தும் அளவு. 200 அடிக்கு 150 அடி மைதானம் 30,000 சதுர அடி. அதில் 3,000 பேர் நிற்கலாம், நெருக்கினால் 6,700 பேர் வரை. அங்கே ‘லட்சக்கணக்கில் திரண்டனர்’ என்று எழுதுவது மிகையல்ல, பொய்.

உங்களுக்கு அரசியல் சார்பு இருக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தலையங்கத்தில் எழுதுங்கள், எந்தக் கட்சிக்கு ஓட்டு என்றுகூடச் சொல்லுங்கள். அதை ஏற்கவோ மறுக்கவோ வாசகருக்கு வழி உண்டு. செய்திக்குள் வினைச்சொல்லாகவும் விகுதியாகவும் ஒளித்து வைத்தால் அவர் எதை எதிர்த்து வாதிடுவார்? செய்தியின் எழுத்துருவிலேயே அச்சிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்று போடும் பக்கங்களும் இந்த ஏமாற்றில்தான் சேரும். காசு கொடுத்து வாங்குபவரை இவ்வளவு மட்டமாக நினைக்கும் வேறு தொழில் உண்டா என்று கோபம் வருகிறது. மன்னிக்கவும், கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

பக்கத்தை அச்சுக்கு விடும் முன், தலைப்பில் உள்ள கட்சியின் பெயரை எடுத்துவிட்டு எதிர்க்கட்சியின் பெயரைப் போட்டு ஒருமுறை வாசியுங்கள். கை தயங்கினால் அந்த வினைச்சொல்லை மாற்றுங்கள். பாதிக்கப்பட்டவர் தரப்பை இரண்டாம் பத்திக்குள் கொண்டுவாருங்கள். முதல் பக்கத்தில் வந்த தவற்றுக்கு முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுங்கள். இதற்குப் புதிய இயந்திரமோ கூடுதல் ஆளோ தேவையில்லை. ஒரு செய்திக்கு ஒரு நிமிடம் ஆகும்.

ஒரே செயலுக்கு ஒரே சொல். அந்தச் சொற்பட்டியலை அடுத்த தேர்தல் அறிவிப்பு வருமுன் உங்கள் நாளிதழிலேயே வெளியிடுமாறும், விதி மீறப்பட்டால் வாசகர் எழுத வேண்டிய முகவரியை அதன் கீழே அச்சிடுமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாளிதழ் வாசகர் ஒருவர்